டிரெய்லருக்குப் பின்பக்கக் கேமராவும் அதற்கான மின்சாரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே சாலையோரத்தில் வண்டிகளுக்கு மின்வேலை செய்து வருகிறேன். முன்பெல்லாம் லாரியும் வேனும்தான் வரும். இப்போது ஜீப்புக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுக்கும் டிரெய்லர்களும் வருகின்றன. குடும்பத்தோடு படுத்துறங்கும் சுற்றுலா டிரெய்லர், சொத்தவிளைக் கடற்கரையில் நிறுத்தும் டீக்கடை டிரெய்லர், வள்ளம் ஏற்றும் டிரெய்லர் என்று பல வகை. எல்லோரும் பின்பக்கக் கேமரா கேட்கிறார்கள், அதோடு ஏறக்குறைய ஒரே சந்தேகங்களையும் கேட்கிறார்கள். கேட்பது கேமராவைப் பற்றி. பழுதாகி வரும்போது பார்த்தால் பத்தில் எட்டு வயர் கோளாறு. அதனால் இந்தப் பக்கத்தில் வயரைப் பற்றித்தான் அதிகம் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு பக்கமும் பெரிய கண்ணாடி இருக்கிறது. அப்புறம் கேமரா எதற்கு?

கண்ணாடி டிரெய்லரின் இரு பக்கவாட்டையும் காட்டும். டிரெய்லருக்கு நேர் பின்னால் இருப்பதைக் காட்டாது. காரில் என்றால் உள்கண்ணாடி வழியாகப் பின்பக்கம் கொஞ்சமாவது தெரியும். டிரெய்லரை மாட்டியதும் அந்தக் கண்ணாடியில் டிரெய்லரின் முன்சுவர் மட்டுமே தெரியும். பின்னால் ஒரு குழந்தை உட்கார்ந்து விளையாடினாலும் ஓட்டுநருக்குத் தெரிய வழியில்லை.

குலசேகரம், திற்பரப்புப் பக்கம் போனால் இரு புறமும் மதில், நடுவில் ஒரு வண்டி போகும் அளவுக்குப் பாதை. எதிரே பஸ் வந்துவிட்டால் பின்னால் எடுத்தே தீர வேண்டும். அந்த இடத்தில் கேமராவின் அருமை தெரியும்.

வயர்லெஸ் கேமரா வாங்கினால் வயரே வேண்டாம் அல்லவா?

வேண்டும். வயர் இல்லாமல் வருவது படம் மட்டும். கேமரா எரிய மின்சாரம் வேண்டும், அது வயரில்தான் வரும். உள்ளேயே பேட்டரி வைத்து, கழற்றிச் சார்ஜ் போடும் கேமராக்களும் இருக்கின்றன. அவை எப்போதாவது ஒருமுறை இழுப்பவர்களுக்குச் சரி. வாரக் கணக்கில் பயணம் போகிறவர் தினமும் ஏணி வைத்து ஏறிக் கழற்றிக்கொண்டிருக்க முடியாது.

பெட்டியின் மேல் பெரிதாக 'வயர்லெஸ்' என்று போட்டிருப்பதை நம்பி வாங்கி வந்து, பாதி வேலையில் திகைத்து நின்றவர்கள் பலரைப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை முன்னாலேயே சொல்கிறேன்.

சரி, வயர் உள்ளதா, வயர்லெஸ்ஸா? எதை வாங்கட்டும்?

டிரெய்லரும் இழுக்கும் வண்டியும் எப்போதும் ஒன்றே என்றால் வயர் உள்ளதை வாங்குங்கள். படம் தாமதிக்காது, விட்டு விட்டு வராது. இரண்டுக்கும் நடுவில் கழற்றி மாட்டும் சுருள் கேபிளும் நல்ல நான்கு முனை இணைப்பானும் போட்டால் ஆண்டுக் கணக்கில் தொல்லை இருக்காது.

இன்றைக்கு அண்ணன் ஜீப், நாளைக்கு மாமா வண்டி என்று மாறி மாறி இழுப்பவர்களுக்கு வயர்லெஸ் வசதி. டிஜிட்டல் வகையாகப் பார்த்து வாங்குங்கள். பழைய அனலாக் வகையில் பக்கத்து வண்டியின் படம்கூட நம் திரைக்கு வந்துவிடும். இவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கின்றன, வைஃபையும் அதே அலைவரிசையைப் பயன்படுத்துகிறது. பெட்டியில் எழுதியிருக்கும் தூரம் திறந்த மைதானத்துக்கு உரியது. தகரமும் அலுமினியமும் போர்த்திய டிரெய்லரைத் தாண்டி அலை வர வேண்டும் என்பதால், வாங்கும் முன் கேமராவைப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் படம் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எவ்வளவு மின்சாரம் இழுக்கும்? பேட்டரி இறங்கிவிடாதா?

கேமரா சுமார் 0.2 ஆம்பியர், ஏழு அங்குலத் திரை சுமார் 0.5 ஆம்பியர். இரண்டும் சேர்ந்தால் வீட்டில் போடும் 9 வாட் எல்இடி பல்பு அளவுதான். எஞ்சின் ஓடும்போது இது ஒரு பொருட்டே இல்லை.

அணைக்காமல் விட்டுப் போனால்தான் வம்பு. 0.7 ஆம்பியர் 24 மணி நேரம் ஓடினால் கிட்டத்தட்ட 17 ஆம்பியர்-மணி போய்விடும். 65 ஆம்பியர்-மணி பேட்டரி உள்ள ஜீப், இரண்டு நாளில் பாதிக்கு மேல் இழந்துவிடும். மூன்றாம் நாள் காலை செல்ஃப் எடுப்பது சந்தேகம்.

ரிவர்ஸ் லைட் வயரில் சேர்த்துவிட்டால் வேலை முடிந்துவிடுமே?

காரில் முடியும். டிரெய்லரில் அந்த வயரே இல்லாமல் இருக்கலாம். வண்டியையும் டிரெய்லர் விளக்குகளையும் இணைக்கும், பரவலாக உள்ள ஏழு முனை சாக்கெட்டில் இடது இண்டிகேட்டர், வலது இண்டிகேட்டர், பிரேக், இடது டெயில், வலது டெயில், பின்பக்க மூடுபனி விளக்கு, எர்த் (மின்சாரம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி) என்று ஏழும் நிறைந்துவிடும். ரிவர்ஸுக்கு இடமில்லை. பதின்மூன்று முனை சாக்கெட் என்றால் எட்டாவது முனை ரிவர்ஸ் விளக்குக்கு, ஒன்பதாவது எப்போதும் மின்சாரம் உள்ளது, பத்தாவது சாவி போட்டால் வருவது. அமெரிக்க முறையில் செய்த தட்டை முனை ஏழு சாக்கெட்டில் நடு முனை பொதுவாக ரிவர்ஸ். இங்கே ஒவ்வொரு பட்டறையும் ஒவ்வொரு விதமாக வயர் மாட்டியிருப்பதால் நிறத்தை நம்பாமல் டெஸ்ட் லேம்ப் வைத்து ஒவ்வொரு முனையாகப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. ரிவர்ஸ் வயரில் கொடுத்தால் ரிவர்ஸ் கியர் போட்டால் மட்டுமே படம் வரும். டிரெய்லர் இழுப்பவருக்கு ஓடும்போதும் பின்னால் தெரிய வேண்டும். நெடுஞ்சாலையில் டிரெய்லர் நிழலில் ஒட்டிக்கொண்டே வரும் இருசக்கர வாகனத்தை வேறு எப்படிப் பார்ப்பது?

அப்படியானால் மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது?

நான் செய்வது இதுதான். ஜீப்பின் ஃபியூஸ் பெட்டியில் சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் இடத்திலிருந்து ஒரு வயர். அது புறப்படும் இடத்திலேயே 3 ஆம்பியர் ஃபியூஸ். ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு சுவிட்ச். அங்கிருந்து ஒரு கிளை திரைக்கு, இன்னொரு கிளை ஜீப்பின் பின்பக்கம் விளக்கு சாக்கெட்டுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு நான்கு முனை சாக்கெட்டுக்கு. அதில் மின்சாரம், எர்த், படத்துக்கு இரண்டு. விளக்கு சாக்கெட்டைத் தொடவே மாட்டேன். சாவியை எடுத்ததும் எல்லாம் அணைந்துவிடுவதால் முன்பு சொன்ன பேட்டரிப் பயமும் இல்லை.

ரிவர்ஸ் போட்டதும் திரை தானாகக் கேமராவுக்கு மாற வேண்டும் என்றால் திரையிலிருந்து வரும் மெல்லிய டிரிகர் வயரை ஜீப்பின் சொந்த ரிவர்ஸ் லைட்டில் சேர்த்தால் போதும். டிரெய்லர் வரை போக வேண்டியதில்லை. புதிய வண்டிகளில் விளக்குகளைக் கணினி துடிப்பு துடிப்பாக இயக்கும். அதில் நேராகச் சேர்த்தால் படம் மினுமினுக்கும். அங்கே துடிப்பைச் சமன்செய்யும் ஃபில்டரோடு கூடிய ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும்.

நெகட்டிவை டிரெய்லர் பாடியிலேயே கொடுத்துவிடலாம் என்கிறார்களே?

கொடுக்காதீர்கள். இந்தப் பக்கம் முழுவதிலும் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். காரில் பாடி முழுவதும் பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்திருக்கிறது. டிரெய்லர் பாடி எதனோடு சேர்ந்திருக்கிறது? சாக்கெட்டில் உள்ள ஒரு எர்த் முனையோடு மட்டும். அது துருப்பிடித்தால், மின்சாரம் கொக்கியின் உருண்டை வழியாகத் திரும்பப் பார்க்கும். உருண்டையில் கிரீஸ், மணல், துரு. மேடு பள்ளத்தில் குலுங்கும்போது தொடும், விடும்.

சின்னமுட்டத்திலிருந்து ஒரு வள்ள டிரெய்லர் வந்தது. கேமரா ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. பின்பக்கச் சட்டத்தில் எர்த் போல்ட்டைக் கழற்றினேன். பாதி போல்ட் பொடியாகக் கையில் உதிர்ந்தது. வயரின் மேலுறையைச் சீவினால் செம்பு இருக்க வேண்டிய இடத்தில் கரி போலக் கறுத்த இழைகள். இன்னும் ஒரு விரற்கடை சீவினேன், கறுப்பு. ஏறக்குறைய ஒரு சாண் போன பிறகுதான் செம்பின் சிவப்பு கண்ணில் பட்டது. உப்புத் தண்ணீர் மேலுறைக்குள் இழை இழையாக ஏறிப் போயிருந்தது.

அதனால் கேமராவின் நெகட்டிவுக்குத் தனி வயர் இழுத்து, ஜீப்பில் திரையின் எர்த் எங்கே இருக்கிறதோ அதே இடத்தில் சேருங்கள். பத்துப் பன்னிரண்டு மீட்டர் வயர் கூடுதலாகும். அதைவிடப் பயனுள்ள செலவு இந்த வேலையில் வேறில்லை.

என்ன தடிமனில் வயர் போட வேண்டும்?

1 சதுர மில்லிமீட்டர் செம்பு போதும். ஜீப்பின் முன்பக்கத்திலிருந்து டிரெய்லரின் பின்பக்கம் வரை வளைவு நெளிவோடு 12 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போக வர 24 மீட்டர், அதன் தடை 0.43 ஓம் அளவு. 0.2 ஆம்பியர் இழுக்கும் கேமராவுக்கு இதனால் 0.1 வோல்ட்கூடக் குறையாது. இன்னும் மெல்லிய வயரும் மின்கணக்கில் போதும்தான். ஆனால் வண்டிக்கு அடியில் கல்லும் அதிர்வும் தாங்காது.

இதே வயரில் டிரெய்லருக்குள் ஃபேன், விளக்கு, சிறிய ஃபிரிட்ஜ் எல்லாம் மாட்டி 5 ஆம்பியர் இழுத்தால் 2 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும், ஃபியூஸும் தாங்காது. கேமரா வயர் கேமராவுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் வெள்ளீயம் பூசிய செம்பு வயர் கிடைத்தால் அதையே போடுங்கள். மேலே சொன்ன கறுப்பு அதில் அவ்வளவு எளிதில் ஏறாது.

டிரெய்லர் சுவரில் ஓட்டை போட்டால் மழை ஒழுகுமே?

ஒழுகாமல் போடலாம். ஓட்டையை உள்ளிருந்து வெளியே சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்துத் துளையுங்கள். ஓரத்தில் குரோமெட் என்னும் ரப்பர் வளையம் போடுங்கள். வெளியே வயர் ஓட்டைக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும். வயர் வழியாக வழியும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், உள்ளே போகாது. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது, இந்த வளைவை மறக்கவே கூடாது.

அடைக்கும் சிலிக்கோனிலும் கவனம் வேண்டும். பூசும்போது வினிகர் வாடை அடிக்கிறது என்றால் அதில் அமிலம் வெளிவருகிறது, உலோகத்தை அரிக்கும். வாடை இல்லாத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

ஐபி 67 என்று போட்ட கேமராதான் வாங்கினேன். ஆறு மாதத்தில் போய்விட்டது. ஏன்?

ஐபி 67 என்றால் தூசி புகாது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். உப்புக் காற்றில் எத்தனை மாதம் தாங்கும் என்பதற்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பில்லை. வாட்டர் சர்வீஸில் அடிக்கும் அழுத்தத்துக்கும் அது போதாது. அதற்கு ஐபி 69கே வேண்டும். சர்வீஸுக்கு விடும்போது கேமரா மேல் பீய்ச்ச வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பெரும்பாலும் கேமரா சாவதில்லை, அதன் வாலில் உள்ள இணைப்பான் சாகிறது. வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பு சித்திரை வெயிலில் பசை இளகி அவிழ்ந்துவிடும். கிரிம்ப் செய்து (உலோக இணைப்பில் வயரை வைத்து நசுக்கி), உள்ளே பசை உள்ள, சூடு காட்டினால் சுருங்கும் குழாய் போடுங்கள். இணைப்பானைக் கூடுமானவரை டிரெய்லருக்கு உள்ளே வையுங்கள். அலுமினியச் சுவரில் ஸ்டீல் ஸ்குரூ போடுவதானால் நைலான் வாஷரும் கொஞ்சம் வாசலினும் போடுங்கள், இல்லாவிட்டால் உப்பு ஈரத்தில் ஸ்குரூவைச் சுற்றி அலுமினியம் வெள்ளை மாவாகப் பூத்துவிடும்.

லென்ஸை உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள். காய்ந்த உப்பு கீறிவிடும். முதலில் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள், பிறகு துடையுங்கள்.

எவ்வளவு உயரத்தில் வைப்பது? திரையில் தெரியும் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகளை நம்பலாமா?

கூரை விளிம்புக்குச் சற்றுக் கீழே, நடுவில் வையுங்கள். படத்தின் அடியில் டிரெய்லரின் பம்பர் ஒரு கீற்றாகத் தெரியும்படி சாய்த்தால் எதிலிருந்து அளக்கிறோம் என்பது கண்ணுக்குப் புரியும்.

கோடுகளை அப்படியே நம்பாதீர்கள். தொழிற்சாலைக்கு உங்கள் டிரெய்லரின் உயரம் தெரியாது. அகன்ற லென்ஸில் பொருள்கள் இருப்பதைவிடத் தொலைவில் தெரியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சமதளத்தில் நிறுத்தி, பம்பரிலிருந்து அரை, ஒன்று, இரண்டு, மூன்று மீட்டரில் சாக்பீஸால் கோடு போடுங்கள். திரையில் அவை எங்கே விழுகின்றனவோ அங்கே சின்ன ஸ்டிக்கர் ஒட்டுங்கள். அரை மணி நேர வேலை. அது உங்கள் டிரெய்லருக்கே உரிய அளவுகோல்.

படம் இடம் வலமாக மாறித் தெரிகிறது.

பல கேமராக்களின் வாலில் சின்ன வயர் வளையம் இருக்கும். அதை வெட்டினால் படம் திரும்பும், இன்னொன்றை வெட்டினால் கோடுகள் மறையும். நிறம் கேமராவுக்குக் கேமரா மாறும், கூட வரும் தாளைப் பார்த்து வெட்டுங்கள். திரையின் அமைப்பிலேயே மாற்றும் வசதியும் இருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள்.

புதுக் கேமராவைப் பழைய திரையில் மாட்டினேன். படமே வரவில்லை.

ஏஹெச்டி (AHD) என்னும் கூடுதல் தெளிவுள்ள கேமரா சாதாரணத் திரையில் ஓடாது. இரண்டும் ஒரே வகையாக இருக்க வேண்டும். படம் உருண்டாலோ நிறமில்லாமல் வந்தாலோ திரையில் PAL, NTSC என்ற இரண்டு வீடியோ முறைகளை மாற்றிப் பாருங்கள்.

எஞ்சின் போட்டதும் கோடு கோடாக ஓடுகிறது. பிரேக் மிதித்தால் படமே ஆடுகிறது.

இவை இரண்டு வேறு கோளாறுகள். எஞ்சின் வேகத்தோடு கூடிக் குறையும் கோடுகள், எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் இரைச்சல். திரையும் கேமராவும் வெவ்வேறு இடத்தில் எர்த் ஆகியிருந்தால் இது வரும். எர்த் கேள்வியில் சொன்னபடி ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தால் பெரும்பாலும் போய்விடும். மிச்சம் இருந்தால் பவர் வயரில் ஒரு ஃபில்டர்.

பிரேக் மிதிக்கும்போது ஆடுவதை அலட்சியப்படுத்தாதீர்கள். டிரெய்லரின் விளக்கு எர்த் போய்விட்டது என்பதற்கான எச்சரிக்கை அது. இரண்டு 21 வாட் பிரேக் பல்புகள் இழுக்கும் மூன்றரை ஆம்பியர், திரும்ப வழியில்லாமல் கேமராவின் உலோக உடல் வழியாகப் புகுந்து, படம் வரும் கேபிளின் மெல்லிய வலை வழியாக ஜீப்புக்குப் போகிறது. கேபிள் சூடாகும், திரை போகும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பின்னால் வருபவருக்கு உங்கள் பிரேக் விளக்கு மங்கலாகத்தான் தெரியும். முதலில் விளக்கு எர்த்தைச் சரிசெய்யுங்கள். கேமராவை ரப்பர் அல்லது பிளாஸ்டிக் தகடு வைத்து உடலிலிருந்து பிரித்து மாட்டினால் இந்த வழி அடைபடும்.

மீட்டரில் 12 வோல்ட் காட்டுகிறது. கேமரா எரியவில்லை. கேமரா போய்விட்டதா?

உடனே குப்பையில் போடாதீர்கள். மீட்டர் எதையும் இழுக்காமல் அளக்கிறது. ஒரே ஒரு செம்பு இழை மிஞ்சியிருந்தாலும், துருவின் வழியாகக் கசிந்து வந்தாலும், 12 வோல்ட் காட்டும். கேமரா வயரின் முனையில் வண்டியில் போடும் 12 வோல்ட், 5 வாட் பல்பு ஒன்றை மாட்டிப் பாருங்கள். பிரகாசமாக எரிந்தால் மின்சாரம் சரி, கேமராவில் கோளாறு. மங்கலாக எரிந்தாலோ எரியாவிட்டாலோ வழியில் எங்கோ அரித்திருக்கிறது. பல்பு மாட்டியபடியே மீட்டரை வைத்து முன்னிருந்து பின்னாக ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள். வோல்ட் எங்கே விழுகிறதோ அங்கே வெட்டுங்கள். நான் முதலில் பார்ப்பது கொக்கிக்குப் பக்கத்திலுள்ள சாக்கெட்டை. வள்ளத்தை இறக்க டிரெய்லரைத் தண்ணீருக்குள் விடும் முன் பிளக்கைக் கழற்றிவிடுபவர்களுக்கு இந்தக் கோளாறு அரிதாகத்தான் வருகிறது.

இழுப்பது லாரி. இரண்டு பேட்டரி இருக்கிறதே, ஒன்றிலிருந்து 12 வோல்ட் எடுத்துக்கொள்ளட்டுமா?

எடுக்காதீர்கள். ஒரு பேட்டரி மட்டும் இறங்கும், ஆனால் இரண்டும் தொடராகச் சேர்ந்தே சார்ஜ் ஆகும். இறங்கியது நிரம்பாது, மற்றது அளவுக்கு மீறிக் கொதிக்கும். கொஞ்ச காலத்தில் இரண்டையும் மாற்ற வேண்டியிருக்கும். 24 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போடுங்கள். 12 முதல் 32 வோல்ட் வரை தாங்கும் கேமராவும் திரையும் கிடைத்தால் அதுவும் வேண்டாம்.

டிரெய்லரில் தனி பேட்டரியும் சோலாரும் இருக்கின்றன. கேமராவை அதில் மாட்டலாமா?

வயர்லெஸ் கேமரா என்றால் தாராளமாக. ஜீப்பிலிருந்து வயரே வேண்டாம். ஆனால் ஒரு சுவிட்ச் அவசியம். 0.2 ஆம்பியர் பத்து நாள் ஓடினால் 48 ஆம்பியர்-மணி. ஆடி மழை மூட்டத்தில் சோலாரை நம்பி விட முடியாது. வயர் உள்ள கேமரா என்றால் இரண்டு பேட்டரிகளின் நெகட்டிவும் படக் கேபிள் வழியாகச் சேர்ந்துவிடும், பிரேக் கேள்வியில் சொன்ன அதே ஆபத்து. அதற்கு ஜீப்பிலிருந்தே மின்சாரம் கொண்டுவருவது நல்லது.

காலையில் மார்த்தாண்டம் போகும்போது மட்டும் படம் வெளுத்துவிடுகிறது.

கோளாறு இல்லை. நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை நோக்கிப் போகும்போது வண்டியின் பின்பக்கம் தென்கிழக்கைப் பார்க்கிறது. காலை வெயில் நேராக லென்ஸில் விழும், மார்கழியில் சூரியன் தென்கிழக்கே எழுவதால் இன்னும் மோசம். லென்ஸுக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் ஒரு மறைப்புத் தகடு வைத்தால் சூரியன் கொஞ்சம் ஏறியதும் படம் சரியாகிவிடும். அதுவரை கண்ணாடியைப் பார்த்து ஓட்டுங்கள்.

கேமரா வந்துவிட்டது. இனிப் பின்னால் ஆள் நின்று கை காட்ட வேண்டாம் அல்லவா?

வேண்டும். கேமரா நேர் பின்னால் உள்ளதைக் காட்டும். டிரெய்லர் வளைந்து ஜீப்பின் மூலையில் இடிக்கப் போவதையும், மேலே தென்னை மட்டை கூரையில் உரசப் போவதையும் காட்டாது. ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்தால் டிரெய்லர் வலது பக்கம் போகும் என்பது பழகும் வரை திரையைப் பார்த்தே ஓட்டுவது குழப்பத்தைக் கூட்டும்.

கை காட்டுபவர் டிரெய்லருக்கு நேர் பின்னால் நிற்கக் கூடாது. ஓட்டுநரின் வலது கண்ணாடியில் தெரியும்படி, பக்கவாட்டில் தள்ளி நிற்கட்டும். கண்ணாடியில் அவர் மறைந்த அந்த நொடியே நிறுத்துங்கள். இறங்கிப் போய், எங்கே நிற்கிறார் என்று பார்த்துவிட்டு மறுபடி எடுங்கள்.